கடனுக்கு வைத்த உபயக் கல்

பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் விழுந்தவள் நான். கடன் பத்திரம், வரிவிலக்கு என்றெல்லாம் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரவிருந்த மண்டபத்தை, ஒரு கருங்கல்லை வைத்து, ஒரே காலைப்பொழுதில் இல்லாமல் ஆக்கியவள் நான். (வேறு யாராலும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.)

நான் பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் அங்கேதான் விட்டுப் போவார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களோடு பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னை மண்டபச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். மூளையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

மண்டபம் எதற்கு என்றால், மழைக்கு. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லய வீடுகளில் கல்யாணம் என்றால் வாசலில் தார்ப்பாய்ப் படங்கு கட்டித்தான். என் மூத்த மகளின் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரம், படங்கில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் சம்பந்தியின் தலையில் கொட்டியது. அவர் இன்றுவரை வெயில் காலத்திலும் எங்கள் வீட்டுக்குக் குடையோடுதான் வருகிறார். அதைக் கேள்விப்பட்ட இளையவள் சுகந்தியின் மாப்பிள்ளை வீட்டார், சீதனம் எதுவும் கேட்கவில்லை. "மேல கூரை இருக்கணுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வருஷம் மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். (அப்போது மண்டபம் வரவேண்டிய இடத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.)

பணத்துக்கு வழி சொன்னவன் மனோகரன். எங்கள் லயத்தில் பிறந்து, கொழும்பில் கணக்காளராக இருப்பவன். வெளிநாடுகளில் லாபம் பார்க்காத சங்கங்கள் கட்டடம் கட்டுவதற்குக் கடன் பத்திரம் விற்குமாம். வசதியுள்ளவர்கள் வாங்குவார்களாம். அவர்களுக்குக் கிடைக்கும் வட்டிக்கு வரி இல்லை என்பதால் குறைந்த வட்டிக்கே சம்மதிப்பார்களாம். மண்டபத்தை வாடகைக்கு விட்டு அந்தக் கடனை மெல்ல மெல்ல அடைத்துவிடலாமாம். இங்கே அச்சாக அதே ஏற்பாடு இல்லாவிட்டாலும், அதைப் போல ஒன்றுக்கு வரிக் கந்தோருக்கு எழுதிப் போட்டிருந்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் காணிக்குக் கடிதமும் வாங்கியிருந்தான். மலையிலிருந்து கொழும்புக்குப் போய்க் கடை வைத்த மூன்று முதலாளிமாரைச் சம்மதிக்கவும் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"அக்கா, இத மட்டும் பெரிசா எழுதிக்குங்க" என்றான் கூட்டத்தில். "இது கடன். நன்கொடை இல்ல. நன்கொடைன்னு ஒரு பேச்சு வந்தாலும் எல்லாம் போச்சு. பணம் போடுறவங்களுக்கு மண்டபத்துல எந்தப் பாத்தியதையும் கிடையாது."

பெரிதாக எழுதினேன். அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் கோடும் போட்டேன். தலைவர் ராமையா, ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை, முதலிலிருந்து கடைசி வரை "வெளங்குது, வெளங்குது" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மனோகரன் படியிறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"என்னா புள்ள சொல்லிட்டுப் போறாரு?"

"மூணு பேரு மண்டபத்துக்குப் பணம் தர்றாங்களாம் ஐயா." (சிவப்புக் கோடு இன்னும் காயவில்லை.)

எங்கள் தோட்டத்தில் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சம் வெளியே வர வழியில்லாத அளவுக்கு அதில் 'உபயம்' என்று பெயர் எழுதுவது வழக்கம். இந்த மூன்று பேருக்கோ பாத்தியதை இல்லை, பெயர்கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு பெயராவது போடலாமே என்று தலைவரிடம் சொன்னேன். வாழ்க்கையில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அது. அதோடு வாயை மூடியிருக்கலாம். அவரோ, சங்கப் பணத்தை எடுத்து, அட்டன் டவுனில் கல் கொத்துகிறவரிடம் என்னையே அனுப்பிவிட்டார்.

என் கணவர் செல்வம்தான் கல்லைத் தோளில் சுமந்து வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், பாரம் அவருக்குப் புதிதல்ல. இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "கடன் குடுக்கிறவனுக்குக் கல்லு வச்ச ஊர எங்கயாவது பாத்திருக்கியாடி?"

"உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது" என்றேன்.

ஞாயிறு காலை வேன் வந்தது. மூவரில் பெரியவர் புடவைக் கடை முதலாளி. மனைவியோடு இறங்கினார். தப்பு மேளம் அடித்து, மாலை போட்டு, நேராகக் கோயில் வாசலுக்கு அழைத்துப் போனோம். கோயிலுக்கு எதற்கு என்று மனோகரன் கேட்டது தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பூசாரி முதலாளியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தார், உபயகாரருக்குக் கட்டும் பரிவட்டத்தை அவர் தலையில் கட்டினார். தலைவர் கல்லை மூடியிருந்த மஞ்சள் துணியை விலக்கினார்.

'இம்மண்டபம் உபயம்' என்று கொத்தி, கீழே மூன்று பெயர்கள். என் கையெழுத்தைப் பார்த்தே கொத்தியது. எழுத்து மிக அழகு.

முதலாளி இரண்டு தரம் படித்தார். "என்னங்க இது?"

"ஒங்க பேருதாங்க ஐயா!" என்றார் தலைவர், அவருக்கு வாசிக்கத் தெரியாதோ என்று சந்தேகப்பட்டவர் போல.

மனோகரனின் முகம் வெளுத்துப்போனது. "அக்கா! இது கடன் அக்கா! திருப்பிக் குடுக்கப்போறோம்!"

நான் முந்தானையால் கல்லைத் துடைத்தேன்.

கூட்டத்திலிருந்து முத்தம்மா அக்கா முன்னால் வந்தார். கொழுந்து மலையில் அவர் குரல் அடுத்த டிவிசனுக்கும் கேட்கும். "எதுக்குத் தம்பி திருப்பிக் குடுக்கணும்? உபயம்னு கல்லுலயே வெட்டியிருக்கே!"

"வட்டியோட குடுக்கணும் அக்கா. அந்த வட்டிக்கு வரி கிடையாது, அதனாலதான்..."

"சாமி முன்னால குடுத்ததுக்கு வட்டியா? அந்தப் பாவத்த எங்க தலையில கட்டாதீங்கப்பா. நாங்க ஒரு சதம் தரமாட்டோம்!"

"ஆமா, தரமாட்டோம்!" என்றது தோட்டம். எந்தச் சங்கக் கூட்டத்திலும் அவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

முதலாளியின் மனைவி கணவரின் காதருகே போனார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "பரிவட்டம் கட்டியாச்சு. இனி குடுத்துட்டுத் திருப்பி வாங்குனா நம்ம குடும்பத்துக்கு ஆகாதுங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே குடுக்கலையே!" என்றார் அவர்.

"அப்ப குடுக்காதீங்க."

அந்த அம்மாதான் அன்றைக்கு அங்கே கணக்குத் தெரிந்த ஒரே ஆள். முதலாளி பரிவட்டத்தை அவிழ்த்து, மடித்து, பூசாரியின் தட்டில் வைத்தார். மற்ற இருவருக்கும் திடீரென்று பாதை மோசமாகத் தெரிந்தது, மழைக்கு முன் இறங்க வேண்டுமாம். ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் வேன் வளைவில் மறைந்தது. "வெளங்குது, வெளங்குது" என்றார் தலைவர்.

மனோகரன் என்னைத் திட்டவில்லை. சங்கப் புத்தகத்தை வாங்கி, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து, என் மடியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினான். திட்டியிருக்கலாம்.

சில வாரம் கழித்து லொறியில், உட்கார நாற்பது பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. முதலாளி அனுப்பியது. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் 'உபயம்'. அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது, பாருங்கள்.

சுகந்தியின் கல்யாணமும் படங்குக்குக் கீழேதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தது அவளுடைய அழுகைக்காக, என் வாக்குக்காக அல்ல. அன்றைக்கும் மழை. கல்யாணப் பட அல்பத்தில் எந்தப் படத்தைத் திருப்பினாலும் மணமக்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையின் முதுகு 'உபயம்' என்கிறது. பக்கத்து வீட்டுக்கு நான் ஒரு சுண்டு சீனி கைமாற்றாகக் கொடுத்தால், உள்ளேயிருந்து செல்வத்தின் குரல் வரும்: "பேரு வெட்டிட்டியா?" இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. செல்வம் கல்லைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குத் தூக்கிப்போய், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டார். நான் பிள்ளை மடுவத்துத் துணிகளை அதில் துவைத்தேன்.