உள்தாழ்ப்பாள்

போதகர் ஐயாவுக்கு, மூன்றாவது பெஞ்சில் தூண் ஓரமாக உட்காரும் பாட்டி பணிவுடன் எழுதுவது. உங்கள் தொண்டைக்கட்டு தேவலையா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

போன மாதம் முதல் ஞாயிறு ஆராதனையில் இருந்த சாட்சிகள்: நான், என் மகன், மருமகள், பேத்தி, பின்பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிய தச்சர், மேடையில் நீங்கள். ஆகவே சொல்லவில்லை என்று சாதிக்க முடியாது. "கடவுள் முன்னால குடும்பமா போய் நிக்க முடியாது, ஒவ்வொருத்தராத்தான் நிக்கணும். தினமும் கதவைச் சாத்திக்கிட்டு உங்க மனசாட்சியோட பேசுங்க" என்றீர்கள். நீங்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், திங்கட்கிழமையே பேத்தி தச்சரைக் கூப்பிட்டுத் தன் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள், அவளுக்கு மட்டும்தான் ஆத்துமா இருக்கிறதா என்று மருமகளும் போட்டாள் (வந்த முதல் வாரமே என் பீங்கான் ஜாடியை உடைத்தவள், அதை நான் யாரிடமும் சொல்வதில்லை), இடமில்லாத என் மகன் குளியலறையில் மனசாட்சியோடு முக்கால் மணி நேரம் பேசுகிறான், வெளியே நான் வாளியோடு நிற்கிறேன். கேட்டால், "மேல்நாட்டுக்காரங்க தனி மனுஷன், தனி உரிமைன்னு பேசறதே வேதத்துலேருந்து கத்துக்கிட்டதுதாம்மா" என்கிறான். அங்கேயும் வீட்டுக்கு ஒரு குளியலறைதானா என்றேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான்.

நான் படுப்பது ஹாலில். ஹாலுக்குக் கதவு கிடையாது. போன வாரம் பேத்தி வெளியே வந்து, வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை, இரண்டு வாரம் கழித்து புதன்கிழமை கிளம்புகிறேன் என்றாள்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டேன் பாட்டி. என் மனசாட்சிய."

"என்னைக் கேக்காம பதில் சொல்ற அளவுக்கு அது எப்ப வளர்ந்துச்சு?"

ஆகவே ஐயா, வரும் ஞாயிறு அவள் முகத்தைப் பார்த்து, குடும்பமாக நின்றாலும் கடவுள் கோபிக்க மாட்டார் என்று சொல்லுங்கள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை.

உங்கள் சபையும் உங்கள் தொண்டையும் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
ஹால் பாட்டி

பின்குறிப்பு: மேலே கேட்டதைச் சொல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும்போது பேத்தி வந்து, "நான் போனப்புறம் இந்த ரூம் உங்களுக்குத்தான் பாட்டி. நீங்க சொன்னாத்தான் யாரும் உள்ள வரணும்" என்றாள். உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த ஐம்பத்தாறு வருஷத்தில் எனக்கென்று சாத்திய முதல் கதவு. நன்றாகத்தான் இருந்தது. தாழ்ப்பாள்தான் எட்டவில்லை. தச்சரைக் கூப்பிட்டு இறக்கிப் போடச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு பாட்டி தாழ்ப்பாள்? உங்களுக்குன்னு தனியா என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் பேசியதும் ஞாபகம் இருக்கிறது. ஜாடி விஷயத்தில் மருமகளைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தத் தச்சரை மாட்டேன்.