வாய்ச்சுமை இறக்கிய நிறுவனம்

மனித குலத்தின் முதுகிலிருந்து சுமையை இறக்கியவர்கள் பலர். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன், கப்பியைக் கண்டுபிடித்தவன், எங்கள் கிடங்கில் புகை விட்டுக்கொண்டு திரியும் தூக்கு வண்டியைக் கண்டுபிடித்தவன். ஆனால் மனித குலத்தின் வாயிலிருந்து சுமையை இறக்கியது ஒரே ஒரு நிறுவனம்தான். பேச்சு என்ற அந்தப் பழம்பாரத்தை, "சாம்பல் கோட்டை" என்ற வீடியோ விளையாட்டின் ஐந்தாம் பாகத்தில் நாலே நாலு படமாகச் சுருக்கிக் கொடுத்த நிறுவனம் அது. இருபத்தாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவன் என்ற முறையில் அதைப் பாராட்டுவது என் கடமை. சுமை இறக்குவதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முதல் பாகத்தின் கொடுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ஐந்தாம் பாகத்தின் அருமை விளங்கும்.

என் மகள் கல்யாணமாகிப் போனபோது தன் வீடியோ விளையாட்டுப் பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "தூசி தட்டி வைங்கப்பா, அப்புறம் வந்து எடுத்துக்கறேன்" என்றாள். நான் தூசி தட்டினேன். ஏதோ பொத்தான் அமுங்கிவிட்டது. டிவியில் ஓர் ஆறு ஓடத் தொடங்கியது.

விளையாட்டில் நாம் ஒரு வழிப்போக்கன். முகம் முக்காட்டுக்குள்ளே. குரல் அறவே கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன் நிற்பான். "அக்கரை போக எனக்கு என்ன தருவாய்?" என்று எழுத்தில் கேட்பான். நாம் சொல்லக்கூடிய பதில்கள் கீழே வரிசையாக வரும். ஒன்றா, இரண்டா? ஒன்பது! அத்தனையும் முழு வாக்கியம், முற்றுப்புள்ளியோடு!

"என்னிடம் இருப்பது ஒரு குடை. நீ துடுப்புப் போடு, நான் குடை பிடிக்கிறேன்" என்று ஒரு பதில். "போன மழைக்காலத்தில் உன் படகைத் திருடியவன் நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று இன்னொன்று. ஒன்பதாவது, "எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்."

எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கிடங்கு உணவறையில் ஆறு மாதம் நடந்து நின்றுபோன எழுத்து வகுப்பில் தனி எழுத்துகள் பிடிபட்டிருந்தன. கூட்டினால்தான் சரிந்துவிடும். அந்த ஒன்பது வரியைப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. படகுக்காரன் துடுப்பை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். கொட்டாவி விடவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த முதல் ஆள் அவன்தான். எங்கள் மேற்பார்வையாளரும் நல்லவர்தான். நான் "ஐயா" என்று தொடங்கினாலே "சரி சரி, போ" என்பார். மீதி வாக்கியத்தை மூட்டையிடம் சொல்லிக்கொள்வேன். மூட்டை குறுக்கே பேசாது.

என் வீட்டுக்காரி ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். அவளுக்குத் தனி எழுத்துகூடத் தெரியாது. வழிப்போக்கனுக்குக் குரல் இல்லாததால், சிமெண்ட் தூசி அடைத்த என் குரலைத்தான் அவனுக்கு இரவல் கொடுத்தேன். நான் உரக்கப் படிப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வாள்.

"திருட்டை ஒத்துக்கறானே, அதைச் சொல்லாதே. பாவம், படகுக்காரன் மனசு உடைஞ்சிடும்."

"உண்மையைச் சொல்ல வேணாமா?"

"என் தம்பியோட சைக்கிளை நீ தொலைச்ச உண்மையை எத்தனை வருஷம் கழிச்சுச் சொன்னே?"

அன்றைக்கு வழிப்போக்கன் குடை பிடித்தபடி அக்கரை போனான். நான் சைக்கிளுக்காக இரண்டு நாள் திட்டு வாங்கினேன்.

இப்படி நாலு பாகம், ஏழு வருஷம். நடுவில் ஒருநாள் நான் படிக்குமுன்பே அவள் விரலை டிவியில் வைத்து, "எ... து... வு... ம்" என்று ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு "நான் படிக்கறேன், நீ பேசாம இரு" என்பதே எங்கள் வீட்டுச் சட்டம். எழுத்துக்கு எழுத்து இத்தனை துன்பம்! படித்தோம், யோசித்தோம், சண்டை போட்டோம். புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

இந்த இடத்தில்தான் நிறுவனம் எங்கள்மேல் இரக்கம் கொண்டது.

கிடங்கில் என்னோடு லாரி ஏற்றுகிறவன் ஒருவன். ஆளைப் பார்த்துத்தான் அவனுக்கு ஒட்டடைக்கம்பு என்று பேர். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் பாகத்தைத் தன் புதுப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இதுல ஹீரோவே பேசறான்ணே! நாம ஒண்ணுமே படிக்க வேணாம்!"

பேசினான். அப்பப்பா, என்ன குரல்! தேனில் ஊறப்போட்ட இரும்பு. யாரோ பெரிய நடிகராம். என் வீட்டுக்காரி கலைந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"யாருய்யா இந்த ஆளு? நம்ம வீட்டுக்குள்ள நின்னு அதிகாரமாப் பேசறான்?"

"அது நாமதான்."

"நாமளா? நமக்கு எப்போ சளி சரியாச்சு?"

ஆற்றங்கரைக்குப் போனோம். அதே படகுக்காரன், தலை நரைத்துவிட்டது. "என் அம்மா போன வாரம் இறந்துவிட்டாள்" என்றான். நாங்கள் பதில்களைத் தேடினோம். ஒன்பது வரி இருந்த இடத்தில் ஒரு வட்டம். அதில் நாலு படம். ஒரு சிரித்த முகம், ஒரு முஷ்டி, ஒரு கேள்விக்குறி, ஒரு கதவு. எவ்வளவு சுத்தம்! துடைத்து வைத்த மேஜை மாதிரி.

"துக்கம் விசாரிக்கணும். எதை அமுக்கறது?" என்றேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். "சிரிச்ச முகம்தான் கொஞ்சம் அன்பா இருக்கு. அதை அமுக்கு. ஆறுதலா எதாவது சொல்லுவான்."

அமுக்கினேன்.

"போகட்டும் விடு! இனி உன் படகில் ஒரு ஆள் பாரம் குறைவு!" என்றது தேன் குரல். கூடவே மூன்று முறை சிரித்தது. சிரித்த முகத்துக்கு நகைச்சுவை என்று பொருளாம்.

படகுக்காரன் எங்களைப் பார்த்தான். துடுப்பைக் கீழே போட்டான். பனிமூட்டத்துக்குள் நடந்து போனவன், அதற்குப் பிறகு எந்தக் கரையிலும் வரவே இல்லை. "தோழமை குறைந்தது" என்று டிவி மூலையில் ஒரு குறிப்பு மின்னியது. தப்பைத் திருத்தலாம் என்று ஆட்டத்தில் பின்னோக்கிப் போகப் பார்த்தால், எல்லாம் மாற்ற முடியாதபடி தானாகவே பதிவாகியிருந்தது. வருந்துகிற வேலையும் நமக்கு மிச்சம்.

"நான் அதைச் சொல்லலையே" என்றாள் வீட்டுக்காரி. "சொல்லுய்யா, நான் அதையா சொன்னேன்?"

ஒட்டடைக்கம்பு ஆறுதலாக, "அண்ணி, அடுத்து சண்டை வருது, சூப்பரா இருக்கும்" என்றான். அவள் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டாள்.

அடுத்த வாரம், "உங்கள் குரலே எங்கள் மூச்சு" என்று டிவியில் ஓர் அறிவிப்பு வந்தது. ரசிகர் கருத்துக் கேட்பு மாநாட்டுக்கு முப்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். ஒட்டடைக்கம்பு என் பேரைப் பதிந்துவிட்டான். அதிர்ஷ்டம் பாருங்கள், அழைப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்காரி மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். சலவைச் சீட்டின் பின்பக்கத்தில், ஐந்து வரி. படிக்கிறாள் என்று தெரியும். எழுதியது அதுதான் முதல் தடவை. எனக்குக்கூடக் காட்டவில்லை.

"அங்க போய் எல்லார் முன்னாடியும் இதைப் படி. பழையபடி வரி போடச் சொல்லு. அது முடியாதுன்னா, இதையாவது அவன்கிட்ட சேர்க்கச் சொல்லு."

"எவன்கிட்ட?"

"படகுக்காரன்கிட்ட."

மாநாட்டு அறையின் குளிர் எலும்பில் இறங்கியது. தரையில் முகம் தெரிந்தது. வாசலில் ஆளுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். கையடக்கம். அதிலும் நாலு பொத்தான், அதே நாலு படம். "அனுபவ இயக்குநர்" என்று நிறுவனத்தில் ஒரு பதவியாம், அவர் மேடையேறினார். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம்.

"எங்க ஆராய்ச்சி தெளிவாச் சொல்லுதுங்க. ரசிகர்கள் படிக்கறதில்ல. அந்தச் சிரமத்தை நாங்க ஏத்துக்கிட்டோம். இன்னைக்கு நீங்க பேசற சிரமத்தையும் ஏத்துக்கறோம். பொத்தானை அமுக்கினாப் போதும், உங்க கருத்தை நம்ம ஹீரோவே தன் குரல்ல சொல்லுவாரு!"

கைதட்டல். நான் எழுந்தேன்.

"தம்பி, என் வீட்டுக்காரி ஒரு கடிதம்..."

"ஐயா, உட்காருங்க, உட்காருங்க. நின்னு பேசற காலமெல்லாம் போயிடுச்சு. பொத்தான், பொத்தான்."

கேள்வி கேட்கத்தானே வந்தோம் என்று கேள்விக்குறியை அமுக்கினேன். ஒலிபெருக்கியில் தேன் வழிந்தது. "இந்த அற்புதப் படைப்பின் ஆறாம் பாகம் எப்போது வரும்?"

"அருமையான கேள்விங்க ஐயா!" என்றார் இயக்குநர். மற்ற இருபத்தொன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் அதைக் கேக்கலை தம்பி" என்று சொல்லிக்கொண்டே முஷ்டியை அமுக்கினேன். எதிர்ப்பு என்று நினைத்தேன். "வெறித்தனம்! அடித்து நொறுக்கிவிட்டீர்கள்!" என்றது குரல். மேடையில் இருந்தவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

சிரித்த முகத்தின் குணம் எனக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சம் கதவு. வெளியே போய்விடலாம் என்று அமுக்கினேன்.

"எனக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை. முழுத் திருப்தி" என்றேன் நான். அதாவது, நடிகர்.

பெரிய திரையில் முடிவு வந்தது. ரசிகர் திருப்தி நூற்றுக்கு நூறு. இப்படி ஒரு தேர்தல் உலகத்தில் எங்கே நடந்தாலும் சந்தேகப்படுவார்கள். இங்கே தேநீர் கொடுத்தார்கள்.

விடவில்லை நான். தேநீர் மேஜை அருகே இயக்குநரைப் பிடித்துக் கடிதத்தைக் கையில் வைத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இது என்னங்க ஐயா, தலையணை உறை பன்னிரண்டு, துண்டு நாற்பதுன்னு..."

"பின்பக்கம் தம்பி."

திருப்பினார். முகம் வாடியது. "நீளமா இருக்கே."

"அஞ்சு வரிதான்."

"ஒரே வார்த்தைல சொல்லுங்க. பாராட்டா, புகாரா?"

"ரெண்டும் இல்ல தம்பி. மன்னிப்பு."

இயக்குநர் உண்மையிலேயே யோசித்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது. "மன்னிப்புக்கு நம்மகிட்ட படம் இல்லையே ஐயா" என்றார். கடிதத்தை இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் பெயர் போட்ட ஒரு தொப்பியும் கொடுத்தார். என் தலைக்குச் சின்னது.

பேருந்தில் உட்கார்ந்து நான் கடிதத்தைப் படித்தேன்.

"படகுக்கார அண்ணனுக்கு. உங்க அம்மா போனதுக்கு நான் சிரிக்கல. என் வாயில வேற ஒரு ஆள் புகுந்து பேசிட்டன். நீங்க அன்னைக்கு அவசரப்படாம நின்னீங்க, அதனால எங்க வீட்டுல ரெண்டு பேர் படிச்சோம். மறுபடி கரைக்கு வாங்க, இந்தத் தடவை ஒண்ணும் பேசாம பக்கத்துல உட்காருறேன்."

"பேசிட்டான்" என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. மற்றபடி பிழையில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"படிச்சியா?"

"படிக்க விடலை."

"அவங்களாவது படிச்சாங்களா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சைக்கிள் ஞாபகமும் கூடவே வந்தது. "கையில வாங்கிப் பாத்தாங்க. அஞ்சு வரி அவங்களுக்கு நீளமாம்" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. கடிதத்தை வாங்கி நீவி மடித்தாள். படுக்கை விரிப்பை மடிக்கிற மாதிரி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. அவள் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"ஐயோ பாவம். அவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒருத்தருக்குமா எழுத்துக் கூட்ட வரலை?"

பிறகு பரண்மேல் இருந்த மகளின் பழைய பெட்டியை இறக்கி, முந்தானையால் தூசி தட்டி, என் கையில் வைத்தாள்.

"நாளைக்கே அந்த ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. முதல் பாகத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் படகுக்காரன் நிப்பான்."