வரக்காப்பொலத் தாத்தாமார்

இனிமேல் சமூகத்துக்காகவே வாழ்வது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் முடிவு செய்தேன். காரணம் சமூகம் அல்ல. கான்.

கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டும் வாய்க்கால். எங்கள் வீடு றப்பர் தோட்டத்து ஓரத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு பழைய லயத்தின் கடைசி வீடு. சமைக்கும் குசினிக்குப் பின்னால் பெரிய மண்மேடு. மேட்டுக்கு அடியில் ஒரு கான் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லலாம். இப்போது அதில் புல்லும், வல்லாரையும், என் மனைவி மேர்சியின் கோபமும் சேர்ந்து வளர்கின்றன. சனிக்கிழமை விடிந்தால் போதும், மண்வெட்டியைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி தருவாள். மண்வெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

"என்னங்க, மழை தொடங்கப் போகுது. மேட்டுத் தண்ணி பூரா குசினிப் பக்கமா இறங்குது. மண்ணு சரிஞ்சா என்ன செய்யிறது? எனக்குப் பயமா இருக்குங்க."

"அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் மேர்சி."

"போன சனிக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க."

"பார்த்தியா, நான் பேச்சு மாறாத ஆளு."

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீஸ் எனக்குக் கை கொடுத்தது. நான் பெல்மதுளையில் தேயிலை, றப்பர் வியாபாரிகள் சங்கத்தில் கிளாக்கர். சங்கத் தலைவர் அப்துல் ரஸாக் ஹாஜியார் மிக நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உள்ள கஷ்டம் என்னவென்றால், அவர்களுக்குத் திடீர் திடீரென்று நல்ல யோசனைகள் வரும்.

"சங்கத்து ஆக்கள் எல்லாரும் மாசத்துல ஒரு சனிக்கிழமய தர்ம வேலைக்குக் குடுக்கோணும். எங்க போறதெண்டு அவங்கவங்களே முடிவு எடுங்கொ" என்றார்.

டைப்பிஸ்ட் ரிஸ்னா பாலர் பாடசாலைக்குப் பெயின்ட் அடிக்கப் போனாள். ரொபர்ட் இரத்த தான முகாமுக்குப் போய், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்து, அன்று முழுக்கக் கட்டிலில் படுத்தே தொண்டு செய்தான். நான் மட்டும் ஆற அமர யோசித்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்பது ஆபீஸ் கணக்கு. எல்லாச் சனிக்கிழமையும் என்று வீட்டில் சொன்னால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"வரக்காப்பொல பக்கம் ஒரு முதியோர் இல்லம், மேர்சி. தாத்தாமாரைக் குளிப்பாட்டணும். சோறு ஊட்டணும். சங்கத்துல என்னத்தான் நம்பி இருக்காங்க."

"வரக்காப்பொலயா? அவ்வளவு தூரமா? ஏங்க, பெல்மதுளையில வயசான ஆக்களே இல்லையா?"

"இருக்காங்க. அங்க உள்ளவங்களுக்கு இன்னும் வயசு கூட."

மேர்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். குளித்த துண்டைக் காயப்போடத் தெரியாத மனிதன் இன்னொருவரைக் குளிப்பாட்டப் போகிறானே என்று நினைத்திருப்பாள். பிறகு கதவோரம் இருந்த மண்வெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெற்றி என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

என்னுடைய வரக்காப்பொல, பெல்மதுளைச் சந்தியிலேயே இருந்தது. என் கூட்டாளி நுஹ்மானின் தேத்தண்ணிக் கடையின் பின்னறை. அங்கே ஒரு கெரம்போட் உண்டு. பவுடரைத் தூவி ஒரு சுண்டு சுண்டினால், சிவப்புக்காய் தானாகவே போய்ப் பைக்குள் விழும். விழாவிட்டால் நுஹ்மான் வெளியே தேத்தண்ணி ஆற்றப் போகும் நேரத்தில் விழும்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். களைத்த மாதிரி நடந்தேன். மேர்சி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னங்க, சட்டக் கையெல்லாம் வெள்ளையா?"

கெரம்போட் பவுடர்! ஆனால் எனக்கு மூளை வேகமாக வேலை செய்யும். மண்வெட்டி பக்கத்தில் இல்லாத நேரங்களில்.

"தாத்தாமாரைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டேன் மேர்சி. பாவம், சின்னப் பிள்ளைங்க மாதிரி."

அவள் என் சட்டைக் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் கையில் ஒரு புதுப் பவுடர் டின்னையும் ஒரு பெரிய சாப்பாட்டுப் பார்சலையும் வைத்தாள். தாத்தாமாருக்காம். இடியப்பம், சொதி, கோழிக் குழம்பு. நானும் நுஹ்மானும் உடனே தாத்தாமாராக மாறினோம். கோழி ஹலால்தானா, அவனுடைய மச்சான் கடையில் வாங்கியதா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றதும் பெரிய துண்டை எடுத்துக்கொண்டான்.

"தாத்தாமாருக்குப் பிடிச்சிருந்திச்சா?" என்றாள் மேர்சி.

"பிடிச்சிருந்திச்சாவா? ஒரு தாத்தா எலும்பக்கூட விடல!"

"எலும்பயா? பல்லு இருக்கா அவருக்கு?"

"கட்டுப்பல்லு."

"ஐயையோ! செமிக்காம ஏதாவது ஆயிட்டா பாவம் நமக்குத்தானே? இனி நான் பார்த்துச் செய்யிறேங்க."

பார்த்துத்தான் செய்தாள். அதற்குப் பிறகு வந்த பார்சல்களில் குழைந்த சோறு, உப்பில்லாத பருப்பு, மசித்த பூசணிக்காய். மிளகாய் என்பதன் வாசனையே இல்லை. "கடையில் ரொட்டி சாப்பிட்டால் என்ன?" என்று நுஹ்மானைக் கேட்டேன். அவன் மனைவி ஸுலைஹா எங்கள் இருவருக்கும் ரொட்டி தரவேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். வீட்டிலிருந்து அன்பாக அனுப்பும் சாப்பாட்டை வீணாக்கக் கூடாதாம். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பூசணிக்காய் மூளையை மந்தமாக்கிவிடுகிறது.

பார்சலோடு அது நிற்கவில்லை. ஒரு வாரம் என் ஸ்வெட்டர் போனது, தாத்தாமாருக்குக் குளிருமாம். அடுத்து என் தலையணை. அதற்கடுத்து நான் பத்திரிகை வாசிக்கும் பிரம்புக் கதிரை.

"மேர்சி, அதுல நான்தானே உட்காருவேன்?"

"நீங்க சனிக்கிழமையில வீட்டுலயா இருக்கீங்க? ஞாயித்துக்கிழமை கோயில்ல பெஞ்சு இருக்கு. ஏங்க, குடுக்க மனசு வரலையா?"

தொண்டனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன சொல்ல முடியும்? கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்திக்கு நடந்தேன். நுஹ்மானின் பின்னறை நாளுக்கு நாள் அசல் முதியோர் இல்லமாகிக்கொண்டே வந்தது. என் வீட்டில் நான் தலைக்குக் கையை வைத்துப் படுத்தேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் ஹாஜியார் எல்லாரையும் கூப்பிட்டார். என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நம்மட ஜெறோம் தம்பி மாசத்துல ஒரு தரமில்ல, எல்லாச் சனிக்கிழமயும் வரக்காப்பொல போறாராம்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாரா? கோழிக் கடையில ஒங்கட மிஸிஸக் கண்டு பேசினதுலதான் எனக்கே தெரியும். மாஷா அல்லாஹ்! வாற சனிக்கிழம சங்கமே அங்க போகோணும். வேனுக்குச் சொல்லியாச்சு. தம்பிதான் லீடர்!"

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர் முன்னால் பொய்யன் என்று நின்றால் வேலை நிலைக்குமா? ஊரில் முகம் காட்ட முடியுமா? உண்மையாகவே பயந்துவிட்டேன். வீட்டுக்கு ஓடினேன்.

"மேர்சி, அந்த இல்லத்த மூடிட்டாங்க."

"ஐயோ! தாத்தாமாரெல்லாம்?"

"சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எல்லாரையுமா? ஒரே நாள்லயா?"

"நல்ல சொந்தக்காரங்க."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. தாத்தாமாருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. ஹாஜியார்கிட்ட நான் பேசுறேன். சொல்லி வச்ச வேன் சும்மா இருக்கக் கூடாதுதானே."

அந்த நிமிஷம் அவள் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று மனதார நினைத்தேன். அந்த நினைப்பு சனிக்கிழமை காலை வரை இருந்தது.

சனிக்கிழமை காலை வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. ரிஸ்னா இறங்கினாள். ரொபர்ட் இறங்கினான். அவன் கையில் மண்வெட்டி இருந்தது. ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"தூரத்துல தேடிப் போறம், பக்கத்துல உள்ளதக் காணல்ல, தம்பி! ஒங்கட லயத்துல காத்தமுத்து ஐயா, தெரேசம்மா, எல்லாம் பென்ஷன் எடுத்த ஆக்கள். மண்மேட்டுக்குக் கீழ பயந்து பயந்து ஈக்கிறாங்களாம். கானு வெட்டிக் குடுத்தா எவ்வளவு பெரிய தர்மம்! ஒங்கட மிஸிஸ்தான் சொன்னாங்க. லீடர், எங்க தொடங்கோணும்?"

"இங்க தொடங்குவோம் ஹாஜியார்" என்று மேர்சியே பதில் சொன்னாள். எங்கள் குசினிக்குப் பின்பக்கத்தைக் காட்டினாள். என் கையில் மண்வெட்டியைத் தந்தாள். "இவரு வாராவாரம் வேலை செஞ்சு பழகின ஆளு. மத்தவங்க அந்தப் பக்கமா மெதுவா வெட்டட்டும்."

வெட்டினேன். புல்லை வெட்டினேன், வேரை வெட்டினேன், கல்லை வெட்டினேன். இடுப்புப் பிடித்தது. "தம்பி தொண்டுல மூழ்கிட்டார், நிமிரவே மாட்டேங்கிறார்" என்று ஹாஜியார் எல்லாருக்கும் காட்டினார். ரிஸ்னா போட்டோ எடுத்தாள். மத்தியானம் கோழிக் குழம்பு வாசனை வந்தது. எல்லார் தட்டிலும் கோழி. என் தட்டில் மசித்த பூசணிக்காய்.

"தாத்தாமாரோட சாப்பிட்டுச் சாப்பிட்டு இவருக்குக் காரமே ஒத்துக்கிறதில்ல ஹாஜியார்" என்றாள் மேர்சி.

பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, கானின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"முதுகுல பவுடர் போடட்டுமாங்க?"

மண்வெட்டியைக் கீழே போட்டேன். "எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. தாத்தாமாருக்குப் போடுற பவுடர் மணக்கும்ங்க. கெரம்போட் பவுடருக்கு மணமே இல்ல. நுஹ்மான் அண்ணன் பாவம், நம்ம பூசணிக்காயத் தின்னு ரொம்ப மெலிஞ்சுட்டாராம். ஸுலைஹா சொல்லிச் சிரிக்கிறா."

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. மேட்டுத் தண்ணீர் முழுக்கக் கானில் விழுந்து, குசினிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், சலசலவென்று ஓடியது. மேர்சி குசினிக் கதவில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து மழை நாளில் அவள் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன். "தெரியுது" என்று சிரித்தாள். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஹாஜியாருக்கு இன்னொரு நல்ல யோசனை வந்தது. சங்கத்தின் தர்ம வேலைக்கெல்லாம் மேர்சியைப் பொறுப்பாகப் போட்டுவிட்டார். யார், எங்கே, எந்தச் சனிக்கிழமை என்பதை இனி அவள்தான் சொல்வாளாம். மற்றவர்களுக்கு மாதத்தில் ஒன்று. எனக்கு மட்டும், பழக்கத்தை விடக் கூடாது என்பதற்காக, எல்லாச் சனிக்கிழமையும். கீழ் லயத்துக் கான்கள் இன்னும் வெட்டவில்லை.

ஸுலைஹா பின்னறையைத் துப்புரவாக்கிவிட்டாள். என் ஸ்வெட்டரும், தலையணையும், பிரம்புக் கதிரையும், அவற்றோடு நுஹ்மானின் கெரம்போட்டும் இப்போது காத்தமுத்து ஐயா வீட்டு வாசலில் இருக்கின்றன. என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, என் கதிரையில் உட்கார்ந்து, அவர் சிவப்புக்காயை அழகாகப் போடுகிறார். நன்றாகத் தெரிகிறது, கானுக்குள் நின்று பார்த்தால்.