பொங்கல்படிக் கரும்பு பறிமுதலான விவரம்

தாமிரபரணிக்குத் தென்கரையில் விளையும் கரும்பு தென்கரை மில்லுக்கு, வடகரையில் விளைவது வடகரை மில்லுக்கு என்று அரசாங்கம் பிரித்து வைத்திருக்கிறது. விவசாயிகளின் நன்மைக்காகத்தான். அது விவசாயிகளுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தென்கரையில் எங்கள் ஊர்ப் பலவேசம் தன் மகள் சங்கரிக்குத் தலைப்பொங்கல் படி கொண்டு போனார். அவளைக் கட்டிக் கொடுத்தது வடகரையில். வண்டியில் பானை, அரிசி, மஞ்சள்குலை, சேலைக்கரையைக் கிழித்துக் கட்டிய ஒரு கட்டுக் கரும்பு. படியில் கரும்பு இல்லாவிட்டால் மாமியார் அடுத்த பொங்கல் வரைக்கும் பேசுவாள். கேட்க வேண்டியது சங்கரி.

பாலத்து முனையில் கரும்பு ஆய்வாளர் சிவகணேஷ் வண்டியை மறித்தார்.

"எங்கனவே கொண்டு போறீரு?"

"மக வீட்டுக்கு சார். பொங்கப்படி."

"பதிவு பண்ணின கரும்பு ஒதுக்கீட்டுப் பகுதியை விட்டு வெளிய போகக் கூடாது."

"மகளே போயிட்டாளே சார்."

"மகளை யாரு பதிவு பண்ணினா?"

"சார், இது செங்கரும்பு. வரப்போரம் பொங்கலுக்குன்னு போட்டது. மில்லுக்கு உள்ளது வெள்ளைக் கரும்புல்லா?"

"நீரு பதிஞ்சது சர்வே நம்பரை. நம்பருக்கு நிறம் கிடையாது. சரி, வெட்டு உத்தரவு எங்க?"

"மில்லுக் கரும்புக்கே உத்தரவு தரலியே. பூத்துக் காயுது சார்."

"காயட்டும். காயுறதுக்கு உத்தரவு தேவையில்லை."

"கடிச்சுத் திங்கத்தான சார்!"

"கடிச்சா சாறு வருமா?"

"வரும்."

"அதுக்குப் பேரு அரவை. லைசென்ஸ் வேணும். அங்கன எத்தனை பேரு?"

"நாலு பேரு. மாமியாக்காரிக்குப் பல்லு கிடையாது."

"அரவைத் திறனும் போதாது" என்று ஆய்வாளர் வருத்தப்பட்டார். பிறகு மனமிரங்கி வழியும் சொன்னார். "சீனியாக் கொண்டு போம். சீனிக்கு ஆறு தடை இல்லை."

"சீனியைப் பானைக்கு ரெண்டு பக்கமும் எப்படி சார் சாத்தி வைக்க?"

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. கட்டு பறிமுதலானது. வெட்டு உத்தரவுக்கு மாசக்கணக்காக அசையாத ஆபீஸ், வாடும் பொருள் என்று மறுநாளே அதை ஏலம் போட்டுவிட்டது.

பொங்கலன்று பலவேசம் ஒரு பை சீனியோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். பானைக்கு இரண்டு பக்கமும் கரும்பு. தூரில், அவர் பொண்டாட்டி கிழித்துக் கட்டிய அதே மஞ்சள் சேலைக்கரை.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றாள் சம்பந்தியம்மா. "இவுக ஏலத்துல எடுத்தது. அரசாங்கக் கரும்பு! உங்க தோட்டத்துல இப்படி விளையுமா?"

சங்கரி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கரும்பு என்று அவர் சொன்னால் பறிமுதலான கதையும் வெளியே வரும். பலவேசம் சீனியை நீட்டினார்.

"விளையாது" என்றார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அரசாங்கக் கரும்புக்கு ஆறு தடை இல்லை! அடுத்த பொங்கலுக்கு ஊரே ஆளுக்கொரு கட்டோடு பாலத்தில் வரிசை கட்டியது. பலவேசம்தான் முதல் ஆள்.

"சார், பறிமுதல் பண்ணுங்க."

"பறிமுதலுக்கு இந்த வருஷம் இன்னும் உத்தரவு வரலைவே. நில்லும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் டீ குடிக்கப் போனார்.

நின்றோம். பாலம் காலியாகக் கிடந்தது. வரிசையில் நின்ற பூதத்தான் மட்டும் பொறுக்காமல் கரும்புக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு நடந்தான்.

"ஏலே, சட்டம்னு ஒண்ணு இல்லையாலே?" என்று ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்து வந்தவர் பலவேசம்.