ஓரகத்தியிடம் ஹோம், என்னிடம் ப்ரோ

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. மற்றவர்கள் இதை ஆதங்கம், ஆற்றாமை என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்வார்கள். என்னுடையது அசல் வயிற்றெரிச்சல்.

அன்னவாசலில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பவள் கவிதா, என் கொழுந்தனாரின் மனைவி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி கார் பந்தய கேம் ஆட ஆரம்பித்தாள். கல்லூரிக் காலத்திலிருந்தே கேம் ஆடுகிறவள் நான். ஆனால் என்னிடம் இருந்தது திணறித் திணறி ஓடும் பழைய லேப்டாப். எங்கள் மாமியாரோ சீரியலை விட்டுவிட்டு மாடியேறிப் போய், "அந்தச் செவப்புக் காரை முந்துத்தா கவிதா!" என்று கத்தத் தொடங்கினார். (மூட்டுவலி என்று மாடி வத்தலைக்கூட என்னையே எடுக்கச் சொல்லும் மனுஷி!)

அடுத்த மாதமே புதுக்கோட்டையில், அவள் வாங்கிய அதே கடையில் போய் நின்றேன்.

"விண்டோஸ்ல ஹோம் போடவா, ப்ரோ போடவாங்க?" என்றார் கடைக்காரர்.

"என்னங்க வித்தியாசம்?"

"கேமுக்கு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டுலயும் ஒரே வேகந்தான். ப்ரோ ஆபீசுக்கு ஆகுறது. ஒங்களுக்கு ஹோமே போதும்."

"எங்க கவிதா எது வாங்குனா?"

"ஹோம்."

"அப்ப எனக்கு ப்ரோ."

வாங்கியாகிவிட்டது. வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமே? தேடியதில் பிட்லாக்கர் என்று ஒன்று கிடைத்தது. டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்குமாம். கவிதாவிடம் இல்லாதது! பூட்டிவைக்க என்னிடம் அப்படி என்ன ரகசியம் இருந்தது என்று கேட்காதீர்கள். பூட்டினேன். ஏதாவது சிக்கல் வந்தால் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண் ஒன்றைக் கொடுத்தது. பென்டிரைவில் போட்டு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கவிதாவுக்கும் பந்தயம் என்று நானே அறிவித்தேன். கொடும்பாளூரிலிருந்து என் அப்பா அம்மாகூட வந்துவிட்டார்கள். அன்று காலை இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்குமே என்று, ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் கைவைத்தேன். திரும்ப ஆன் செய்தால் திரை முழுக்க நீலம். யாரோ திருடன் கைவைத்துவிட்டான் என்று நினைத்து பிட்லாக்கர் சாவி எண்ணைக் கேட்டது.

"கலரு நல்லாத்தான் இருக்கு. காரு எப்ப வரும்?" என்றார் மாமியார்.

"அக்கா, சாவிய எதுலக்கா வச்சீங்க?" என்று கவிதா மெதுவாகக் கேட்டாள்.

பென்டிரைவைத் தேடினேன். என் கணவர் தலையைச் சொறிந்தார். "அதுலதான் கார்ல கேக்கப் பாட்டு ஏத்திட்டேனே. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏத்திக்கங்கன்னு நீதான குடுத்த?"

நான்தான் கொடுத்திருந்தேன்.

டிஸ்கையே அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றித் தந்தது யார் என்கிறீர்கள்? கவிதாதான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. (பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!) பந்தயம் மாடியில், அவள் கம்ப்யூட்டரில், ஆளுக்கொரு முறையாக நடந்தது. நான் இரண்டு தடவை வயலுக்குள் காரை விட்டேன். எங்கப்பாவே அவளுக்குத்தான் கைதட்டினார்.

இப்போதும் நான் பீரோவைப் பூட்டினால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "சாவி நாப்பத்தெட்டும் இருக்கான்னு எண்ணிக்கத்தா!"

வீடே சிரிக்கும். அதிலும் கவிதாவுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். எனக்கு விழாது.