மாமனாருக்குச் சொறி

இந்தக் கார்ப்புஸ் திருவிழாவுக்கு என் மாமனாரைத் தீயில் வாட்டி, தோல் மொறுமொறுவென்று வரும்வரை சுட்டு, விருந்து வைத்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

பதற வேண்டாம். அசல் மாமனார் தொன் ஹசிந்தோ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவரைச் சுட்டாலும் வேகாது. உயிரோடு இருந்தபோதே யாரும் பல் வைக்க முடியாத ஆள். நான் சொல்வது எங்கள் அடுப்படியில் வளரும் கினிப்பன்றியை. எங்கள் பேச்சில் குய். மாமனார் கண்ணை மூடிய அதே காலையில் அது பிறந்தது. நெற்றியில் அவருக்கு இருந்த மாதிரியே ஒரு சுழி. என் மனைவி யூலோகியா அதைக் கையில் ஏந்தி, "அப்பா!" என்றாள். அதோடு தீர்ந்தது. எங்கள் வீட்டில் மற்ற குய்கள் பிறக்கும், கொழுக்கும், தட்டுக்கு வரும். தொன் ஹசிந்தோ மட்டும் கொழுப்பார்.

நான் மலைநகரமான கூஸ்கோவில் ஒரு கம்பளிக் கிடங்கின் இரவுக் காவல்காரன். பெயர் நிக்கானோர். பதினோரு வருஷமாக ஊர் எழும்போது நான் படுக்கிறேன். பிள்ளைகளின் முகத்தைவிடப் பள்ளிக்கூடப் பை தொங்கும் அவர்கள் முதுகுதான் எனக்கு நல்ல பழக்கம். அந்திவெயிலில் என் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் விழிப்பேன்.

இந்த நிலையில் பகல் காவல்காரர் ஓய்வு பெறப் போகிறார் என்று சேதி வந்தது. அந்த இடம் யாருக்கு என்பது முதலாளி தொன் பால்தொமேரோவின் கையில். அவர் கை எப்போதும் அவர் வயிற்றின் மேல்.

"என்னப்பா நிக்கானோர், கார்ப்புஸுக்கு உன் வீட்டுல குய் உண்டா?" என்று அவராகவே கேட்டார்.

"உண்டாவா? ஐயா வந்து பார்த்துட்டுச் சொல்லணும். அப்படி ஒரு குய்!"

"தோல் முறுகலா இருக்கணும்."

"கடிச்சா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும் ஐயா."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், யூலோகியா அடுப்படியில் இருந்த பன்னிரண்டு குய்யையும் சனிச்சந்தையில் விற்றுப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கியிருந்தாள். மிச்சம் ஒரே ஒருத்தர். மாமனார்.

வெளியே வாங்கலாமே என்பீர்கள். விருந்தாளிக்குச் சந்தைக் குய் வைப்பது எங்கள் பக்கம் பெரிய அவமானம். அதுவும் தொன் பால்தொமேரோ சொந்தமாகவே முந்நூறு குய் வளர்க்கிற பண்ணைக்காரர். ஒரு கடியில் கண்டுபிடித்துவிடுவார். எனவே மாமனார்தான். திருவிழாவன்று யூலோகியா புனிதர்களின் ஊர்வலம் பார்க்கப் போவாள். திரும்பி வரும்போது தொன் ஹசிந்தோ தட்டில் இருப்பார். அவள் அழுவாள். நான் பகல் காவல்காரன் ஆகியிருப்பேன். அழுகையைப் பகலிலேயே, பக்கத்திலேயே இருந்து துடைப்பேன்.

இதைவிடப் பிரமாதமான திட்டம் உண்டா? திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை மாமனாரின் தோலில் இருந்தது.

திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு காலை வேலை முடிந்து வந்தேன். யூலோகியா அடுப்பருகில் அவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிக்கா, அப்பாவுக்கு அரிக்குதுய்யா."

"உயிரோட இருந்தப்பவே சொறிஞ்சுக்கிட்டேதானே இருந்தாரு?"

"வாயை மூடு. முதுகைப் பாரு."

பார்த்தேன். முதுகில் கையகலத்துக்கு முடி இல்லை. தோல் செதில் செதிலாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. பின்னங்காலால் பரபரவென்று சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொண்டார். தொட்டால் உடம்பே வெட்டி இழுத்தது. இந்தத் தோலையா பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி முதலாளி கடிப்பது?

"ஐயோ மாமா!" என்று அலறிவிட்டேன். மனதாரத்தான்.

யூலோகியா என்னை வியப்பாகப் பார்த்தாள். "அப்பா மேல உனக்கு இவ்வளவு பாசமா?"

"ஒன்றரை வருஷமா ஒரே கூரையில இருக்கோமே."

சந்தைக்குப் பின்னால் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் பொருக்கைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள்ள வளை தோண்டிக் குடித்தனம் நடத்துது."

"வாடகை குடுக்குதா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஊசி போடறேன். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு அறுக்கக் கூடாது. மருந்து இறைச்சியில தங்கும்."

"அறுக்கறதா? யாரை?" என்றாள் யூலோகியா.

"ஊசி வேண்டாம்!" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. டாக்டரம்மா இவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"ஏன் வேண்டாம்?"

"பாவம், வலிக்கும். என் மாமனாருக்கு நானே வைத்தியம் பாக்கறேன். தார்வித் தண்ணி போதும்."

தார்விப் பருப்பு கசப்பு. ஐந்தாறு நாள் ஊறப்போட்டுக் கசப்பை இறக்கினால்தான் வாயில் வைக்கலாம். இறங்கிய தண்ணீரை எங்கள் ஊரில் யாரும் கொட்டமாட்டார்கள். ஆட்டுக்குப் பேன் வந்தாலும் லாமாவுக்குச் சொறி வந்தாலும் அதுதான் மருந்து. இறைச்சியில் தங்குமே என்ற பயம் இல்லை. நான் படிப்பில்லாதவன்தான். ஆனால் இரவெல்லாம் கிடங்கு விளக்கடியில் கம்பளி சுற்றி வந்த பழைய பத்திரிகைகளைப் படித்துத் தேறியவன்.

"சரி. நீயே பாரு," என்றாள் யூலோகியா, ரொம்ப அமைதியாக. அந்த அமைதியைப் பார்த்து அன்றே நான் வேலையையும் வீட்டையும் விட்டு ஓடியிருக்க வேண்டும்.

வைத்தியம் தொடங்கியது. இதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் குய் வளர்ப்பது பெண்கள் வேலை. ஆண்பிள்ளை என்பவன் குய்யைத் தின்னலாம், குளிப்பாட்டக் கூடாது. தெரிந்தால் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி இடுப்பில் பாவாடையைக் கட்டிவிடுவார்கள். எனவே கதவைத் தாழிட்டேன். ஜன்னலுக்குப் போர்வை மாட்டினேன். மூன்று நாளைக்கு ஒருமுறை, வேலையிலிருந்து வந்த கையோடு, வெதுவெதுப்பான கசப்புத் தண்ணீரில் மாமனாரைக் கழுத்துவரை இறக்கினேன். பொருக்கை ஊறவைத்து மெல்ல உதிர்த்தேன். சொறிந்து புண்ணாக்காமல் இருக்க நகம் வெட்டினேன். அவர் படுத்த வைக்கோலை எரித்தேன். பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயப்போட்டேன். ஈரத்தோடு குளிர் ஏறிவிடாமல் என் காவல் மஃப்ளரில் சுற்றி அடுப்பருகில் வைத்து, ஊட்டினேன். குதிரைமசால் கட்டு கட்டாக. தின்னத் தின்ன என் கண்ணுக்குத் தொடைக்கறி தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தொன்யா காசில்தா சுவருக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"என்ன நிக்கானோர், உள்ளே 'மாமா, காலைத் தூக்குங்க'ன்னு சத்தம் கேட்டுதே?"

"ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எந்தப் புனிதர் காலைத் தூக்குவாரு?"

இரண்டாம் வாரம் எனக்கு முழங்கையில் அரிப்பு எடுத்தது. பிறகு வயிற்றில். மாமனாரின் குடித்தனக்காரர்கள் என்னிடமும் வீடு பார்க்க வந்திருந்தார்கள். மனுஷத் தோல் பிடிக்காமல் தானே போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போகும்வரை நான் சொறிந்தேன். அவர் சொறிந்தார். மாமனாரும் மருமகனும் அப்படி ஒற்றுமையாக ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது. நான்காம் வாரம் இளமயிர் தலைகாட்டியது. ஐந்தாம் வாரம்! பட்டுப் போல, தங்க நிறத்தில், சுழி சுழியாக, முன்பு இருந்ததைவிட அடர்த்தியாக முடி வந்துவிட்டது. ஊசி இல்லை. டாக்டர் இல்லை. இந்த நிக்கானோரின் இரண்டு கை! காலையில் நான் சந்து முனையில் திரும்பும்போதே என் காலடி அறிந்து உள்ளே அவர் விசிலடிக்கத் தொடங்கினார். பதினோரு வருஷத்தில் நான் வருகிறேன் என்று யாரும் விசிலடித்ததில்லை. நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. பகல் வேலையை நினைத்துக்கொண்டு அதை அடக்கினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை. யூலோகியா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கத்தியைத் தீட்டினேன். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, வெற்றிவீரன் மாதிரிப் படுத்துத் தூங்கினேன்.

மார்பில் ஏதோ ஊர்ந்தது. கண் விழித்தேன். சட்டை இல்லை. என் வயிற்றின் மேல் தொன் ஹசிந்தோ. அவரைப் பிடித்து என் தொண்டையிலிருந்து தொப்புள்வரை தேய்த்துக்கொண்டிருந்தாள் யூலோகியா. பக்கத்தில் தொன்யா காசில்தா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"அசையாதே. மூணு வாரமா நீ சொறியறதை என்னால பாக்க முடியல. அதான் உடம்பைத் துடைச்சு எடுக்கறோம். முதுகு ஏற்கெனவே முடிஞ்சுது."

உடம்புக்கு முடியாதவன் மேல் உயிருள்ள குய்யைத் தேய்த்து, வியாதியை அதற்குள் இறக்குவது எங்கள் வழக்கம். அப்படி இறக்கிய குய்யை மனுஷன் தின்னமாட்டான். நாய்க்குக்கூடப் போடமாட்டோம்.

"எனக்கு அரிப்பு நின்னு பத்து நாள் ஆச்சுடி!"

"பாத்தியா காசில்தா, எவ்வளவு சீக்கிரமா வேலை செய்யுது!"

"நல்ல குய்," என்றாள் காசில்தா. "இவனோட வியாதி பூரா உள்ளே போயிருச்சு. இனி இதைத் தின்னவன் உருப்படமாட்டான்."

"வேற குய்யே கிடைக்கலையா உங்களுக்கு?"

"வெளியாள் குய் எதுக்குய்யா? அப்பா இருக்கும்போது." யூலோகியா தலையணைக்கடியில் கைவிட்டுக் கத்தியை எடுத்தாள். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா தீட்டியிருக்கே. மிளகாய் நறுக்க ஆகும்."

மறுநாள் தொன் பால்தொமேரோ வந்து முற்றத்து மேசையில் உட்கார்ந்தார். பெரிய மிளகாயைக் குடைந்து இறைச்சி அடைத்துச் சுட்டு, பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றி வைத்தாள் யூலோகியா. அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குய் எங்கேப்பா?"

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்தக் காலடிச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து விசிலடித்தபடி ஓடி வந்தார் மாமனார். முதலாளி குனிந்து தூக்கினார். பகல் வேலை போனது என்று நினைத்தேன். அவரோ முடியை ஊதி ஊதி விலக்கித் தோலைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். தழும்பைத் தடவினார்.

"இதுக்குச் சொறி வந்திருக்கு."

"வந்துச்சு ஐயா. போயிருச்சு."

"போயிருச்சா? என் பண்ணையில முந்நூறும் மொட்டையா நிக்குதுப்பா! தினம் நாலு சாகுது. வாரா வாரம் சந்தையில விக்கணும்னா ஊசி போட முடியாது. நாலு பேரை வெச்சுப் பாத்துட்டேன், ஒருத்தனுக்கும் வழி தெரியல." மாமனாரைக் கீழே விடாமலே அவர் என் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லு. இதை யார் குளிப்பாட்டினது?"

காசில்தா சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஊர்வலத்துக்குப் போகிற ஆண்கள் நின்றிருந்தார்கள். என் தொப்பி தலையில் கனத்தது. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"குய் குளிப்பாட்டறது ஆம்பளை வேலையா ஐயா? என் கை அதைத் தொட்டதே இல்லை. எல்லாம் இவதான்!"

முதலாளி எழுந்து யூலோகியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தாயே, திங்கக்கிழமையே பண்ணைக்கு வா. முந்நூறும் உன் பொறுப்பு. நீ வெச்சதுதான் சட்டம்."

யூலோகியா அவசரப்படவில்லை. மிளகாய் ஒன்றை அவர் தட்டில் வைத்தாள்.

"வரேன் ஐயா. தண்ணி சுமக்க, பெட்டி கழுவ ஒரு ஆள் வேணும். பகல் வேலைக்கு."

"உனக்குப் பிடிச்ச ஆளை வெச்சுக்கோ."

"இவர் இருக்காரு." என்னைப் பார்க்காமலே சொன்னாள். "குய்யைத் தொட்டதே இல்லைங்கறாரு. பரவாயில்லை. சொல்லிக்குடுத்தா கத்துக்குவாரு."

அப்படியாக நான் ஜெயித்தேன். ஆமாம், ஜெயித்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு பகல் வேலை! திங்கட்கிழமை காலை ஊரோடு எழுந்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். பெரியவனுக்கு மீசை அரும்பியிருந்தது. வெயில் முதுகில் விழ, விசிலடித்துக்கொண்டு பண்ணைக்கு நடந்தேன். எனக்கு மேல் அதிகாரி யூலோகியா. போகட்டும், கட்டியவள்தானே. அவளுக்கு அடுத்தபடி நான்தான் என்று அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்காரப் போனேன். அதில் மாமனார் உட்கார்ந்து குதிரைமசால் தின்றுகொண்டிருந்தார்.