மடக்கு அண்ணா கொண்டுவந்த இன்சுலின்

பனிக்காலத்தில் ஜெர்சி சிட்டி சாலைகளை ஆள்பவர்கள் இரண்டே பேர். ஒன்று பனி அள்ளும் லாரி. இன்னொருவர் எங்கள் மடக்கு அண்ணா. லாரியாவது சில நாள் லீவு போடும்.

கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். எதிர் ஃப்ளாட். பேங்க் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அப்பளம் சைஸ் சக்கரம் வைத்த மடக்கு சைக்கிள்தான் அவருக்குக் குடும்பம். பொங்கல் விழாப் பந்தியில்கூட அதை மடக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்து, "இது நம்ம ஆளுங்க" என்பார். பனி விழுந்தால், சர்வர் ரூமில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை டயரைச் சுற்றிக் கட்டிவிடுவார். வழுக்காதாம்.

"அண்ணா, நாடா தடுக்குமே, பிரேக் எப்படிப் பிடிக்கும்?"

"பிடிக்காதுங்க தம்பி. நிக்கோணும்னா விழுந்துக்கலாமுங்க."

இவரைக் கேலி பண்ணியே நாலு குளிர்காலம் ஓட்டினேன். ஐந்தாவதில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

பனிப்புயல் என்றால் ஊரே பிரெட்டும் பாலும் வாங்க ஓடும். நாம் இட்லி மாவு அரைப்போம். அந்தத் தடவை அரைத்த மாவில் ஃப்ரிட்ஜ் கதவே மூடவில்லை. நான்தான் பெரிய புத்திசாலியாச்சே! "வெளியே ஊரே ஃப்ரிட்ஜ்தானே" என்று என் மனைவி வனிதாவின் இன்சுலின் பெட்டியை எடுத்துப் பால்கனியில் வைத்தேன். காலையில் பார்த்தால் அத்தனையும் குச்சி ஐஸ். உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாது. வனிதாவுக்கோ பத்து வயதிலிருந்து ஊசி இல்லாமல் நாள் ஓடாது.

சர்க்கரை மீட்டரில் 310. "வாய் வறளுதுப்பா. மாவைக் கொட்டியிருக்கலாம்ல?" என்றாள். டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் போனிலேயே ஜர்னல் ஸ்கொயர் மருந்துக்கடைக்குச் சீட்டு அனுப்பினார். வாந்தி, மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸ், அவளைத் தனியாக விடாதே என்றார். புயலால் கடையைப் பன்னிரண்டுக்கே மூடுகிறார்களாம். அப்போதே மணி பதினொன்று. ரயில் இல்லை. கார் பனிக்குள் புதைந்து கிடந்தது.

எதிர்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். மடக்கு அண்ணா உடனே சைக்கிளை எடுத்தார். மப்ளரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினொன்றரைக்குப் போன் போட்டேன். "எங்கே இருக்கீங்க அண்ணா?"

"விழுந்து கெடக்கறனுங்க. எந்திரிச்சுக் கூப்புடறேன்."

மீட்டரில் 365. வனிதா மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தபடியே இருந்தாள். நான் வேண்டாத சாமி இல்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"வாங்கியாச்சுங்க. இதுவும் உறைஞ்சுரக் கூடாதுன்னு பனியனுக்குள்ள வெச்சுட்டேன்."

அப்புறம் ஜன்னலே கதி என்று நின்றேன். கடைசியில் எங்கள் தெருச் சரிவின் உச்சியில் அவர் தெரிந்தார். பாதி வழி இறங்கியிருப்பார், குறுக்குச் சந்திலிருந்து பனி அள்ளும் லாரி திரும்பியது. "ஐயோ, அண்ணா!" என்று கண்ணாடியைக் குத்தினேன். மனிதர் இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே மல்லாக்க விழுந்தார். லாரி கடந்து போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அது நகர்ந்தபோது பனிக்குவியலிலிருந்து எழுந்தார். எழுந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளை மடக்கினார்.

வீட்டுக்கு வந்தபோது முழங்கையில் ரத்தம். பெட்டி மட்டும் கதகதப்பாக இருந்தது. வனிதா ஊசி போட்டுக்கொண்டாள். மீட்டர் இறங்க ஆரம்பித்ததும் நான் கோவென்று அழுதுவிட்டேன்.

"அழுவறத நிறுத்திட்டு நாலு இட்லி ஊத்துங்க தம்பி. மாவு இருக்குதுங்கள்ல?"

இப்போது அவர் டெக்சாஸில் இருக்கிறார். இங்கே பனி என்று செய்தியில் சொன்னால் போதும், அங்கிருந்து போன் வந்துவிடும். "தங்கச்சிக்கு மருந்து இருக்குதுங்களா?" இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் எனக்குத்தான் போனை வைக்க மனசே வராது.